மளிகைக்கு கேஷ்பேக் 65 ரூபாய், வட்டி 270 ரூபாய்

கேள்வி: ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டிலேயே தைக்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 44,000 ரூபாய். மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். பருப்பு, கடலை எதையும் ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. சிலிண்டர் 38 நாள் வருகிறது. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட். மாவு மட்டும் பாக்கெட்டில் வாங்குகிறேன், தையல் வேலையில் அரைக்க நேரமில்லை. போன வருடம் நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்தபோது கிரெடிட் கார்டில் தேய்த்தோம். இன்று அதில் பழைய பாக்கி 92,000. ஒரு சதவீதம் கேஷ்பேக் வருகிறதே என்று மளிகையையும் அதே கார்டில், செயலி வழியாக, மாதம் 6,500 ரூபாய்க்கு வாங்குகிறோம். மளிகைக்கு 6,500, பழைய பாக்கிக்கு 4,500 என மாதம் தவறாமல் 11,000 கட்டியும் பாக்கி குறைந்தபாடில்லை. நகையை அடகு வைப்பது நம் வீட்டு வழக்கமில்லை என்கிறார் கணவர். ஆவணியில் நாத்தனார் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். அரைப் பவுன் மோதிரம் எதிர்பார்க்கிறார்கள். சமையல் செலவில் இன்னும் எதைக் குறைக்கலாம்? எண்ணெய்க்கு ஏர் ஃப்ரையர், கேஸுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா? டிஜிட்டல் தங்கத்தில் மாதம் 500 ரூபாய் போட்டு வரலாமா?

பதில்: உங்கள் சமையலறையில் நான் குறை சொல்ல அதிகம் இல்லை. சிலிண்டர் 900 ரூபாய் என்று வையுங்கள். 38 நாள் வருவதை எப்படியோ இழுத்து 45 நாளாக்கினால் மாதத்துக்கு மிஞ்சுவது 110 ரூபாய். கார்டு உங்களிடமிருந்து மாதாமாதம் எடுப்பது நாலாயிரத்துக்கு மேல். பருப்பை ஊறவைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை அந்த ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்தில் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கார்டில் சற்றே கூடக் குறைய இருக்கலாம், ஸ்டேட்மென்ட்டில் அச்சிட்டிருக்கும். 92,000க்கு மாத வட்டி 3,220. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 580. ஆக 3,800. ஆண்டுக் கணக்கில் இது 49 சதவீதத்துக்கு மேல். கந்துவட்டி என்று நாம் பயப்படும் இடங்களில்கூட இதைவிடக் குறைவாக வாங்குபவர்கள் உண்டு.

இதைவிட உங்கள் கண்ணுக்குப் படாதது மளிகை. வாங்கியதை முழுசாகக் கட்டிவிடுகிறோம், அதற்கு வட்டி இல்லை என்று நினைக்கிறீர்கள். தவறு அங்கேதான். 45 நாள், 50 நாள் வட்டியில்லாத தவணை என்பது முந்தைய பாக்கி முழுவதையும் கட்டியவர்களுக்கு மட்டும். ஒரு பகுதி பாக்கி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நீங்கள் 5ஆம் தேதி வாங்கிய துவரம் பருப்புக்கு 5ஆம் தேதியிலிருந்தே வட்டி. 6,500 ரூபாய் மளிகைக்கு ஒரு மாதம் என்று வைத்தாலே ஜிஎஸ்டியோடு சுமார் 270 ரூபாய். உங்களுக்குக் கிடைக்கும் கேஷ்பேக் 65.

இப்போது நீங்கள் கட்டும் 11,000 எங்கே போகிறது என்று தெரியும். மளிகைக்கு 6,500, அதன் வட்டி 270, பழைய பாக்கியின் வட்டி 3,800. அசலில் குறைவது 430 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறாமல், ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் சேராமல் இப்படியே கட்டினாலும் அடைய நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும். 92,000க்கு 2,35,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். இதில் ஆவணியில் மோதிரத்தையும் தேய்த்தால் வட்டி நீங்கள் கட்டும் தொகையைத் தாண்டிவிடும். அதன் பிறகு கட்டக் கட்டப் பாக்கி ஏறும்.

எனவே முதல் வேலை, இன்றே செயலியில் பதிந்து வைத்திருக்கும் கார்டு எண்ணை நீக்குங்கள். அடுத்தது உங்கள் கணவருக்குப் பிடிக்காத வேலை: நகைக் கடன்.

நகையை அடகு வைத்தால் மானம் போய்விடும் என்று அவர் நினைப்பது புரிகிறது. பல வீடுகளில் அடகு போன நகை திரும்பி வந்ததே இல்லை. ஆனால் அவர் ஏற்கெனவே உங்கள் தையல் வருமானத்தைத்தான் அடகு வைத்திருக்கிறார், அதுவும் 49 சதவீதத்துக்கு. நகை பெட்டியில் இருப்பதால் அது தெரியவில்லை. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் வட்டியை ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு முதல் மாத வட்டி 790 ரூபாய்.

பாக்கி 92,000 என்றாலும் ஒரு லட்சமாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் இங்கேதான் வழுக்கி மறுபடி கார்டுக்கே போகிறார்கள். கார்டை நிறுத்தும் மாதத்தில் போன மாத மளிகை பில்லையும் கட்ட வேண்டும், இந்த மாத மளிகைக்குக் கையில் ரொக்கமும் வேண்டும். இரண்டு 6,500 ஒரே மாதத்தில் இடிக்கும். கடைசி பில்லையும் அது வரை ஏறிய வட்டியையும் சேர்த்து அடைத்துவிட்டால், அந்த மாதம் உங்கள் கையிலுள்ள 11,000 அப்படியே நிற்கும். 6,500 மளிகைக்கு ரொக்கமாக, 4,500 நகைக் கடனுக்கு.

இருக்கிற நகை எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டாம். இன்றைய விலையில் இந்தத் தொகைக்கு இரண்டு பவுன் போதும். கல் வைத்ததைத் தவிருங்கள், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். மதிப்பீட்டாளர் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். "மாதாமாதம் அசலிலும் கட்டலாமா, கட்டினால் வட்டி அந்த அளவுக்குக் குறையுமா" என்பது நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டும் முறையில் பணத்தை எடுத்துவிட்டு, வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம்தான் நகைகளை விழுங்குகிறது. சம்பளம் வந்த மறுநாள் 4,500 கட்டினால் இரண்டு ஆண்டில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி பத்தாயிரம் சுற்றி.

கார்டுக்காரர்களே போன் செய்து பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்பார்கள். இப்போதைய நிலையைவிட அது மேல். ஆனால் நகைக் கடனைவிட வட்டி அதிகம், செயல்பாட்டுக் கட்டணமும் வட்டி மேல் ஜிஎஸ்டியும் தனி. நகை இருக்கும்போது அது வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பக்கம் போகவே போகாதீர்கள்.

கார்டை மூடும்போது ஸ்டேட்மென்ட்டில் அச்சான தொகையை மட்டும் கட்டினால் அடுத்த மாதம் சில நூறு ரூபாய் புதிதாக முளைக்கும். வட்டி நாள் கணக்கில், நீங்கள் கட்டும் நாள் வரை ஓடுவதால் வருவது அது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, இன்று மூடுவதற்கான முழுத் தொகை எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அதில் தானாகக் கழியும் ரீசார்ஜ், சந்தா ஏதும் இருந்தால் முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மூடச் சொல்லி எழுத்தில் கோருங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட சமையல் செலவு. ஏர் ஃப்ரையர் ஆறாயிரம் ரூபாய் என்று கொள்வோம். பொரிப்பதைக் குறைத்து மாதம் அரை லிட்டர் எண்ணெய் மிச்சமானால் 75 ரூபாய். போட்ட காசு திரும்ப 80 மாதம். இதை வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் "நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வாங்கினாலும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் பெரும்பாலும் செயல்பாட்டுக் கட்டணமும் உண்டு. வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பைச் சற்று யோசித்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் சில வீடுகளுக்கு அது லாபம். உங்களுக்கு இல்லை. 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 125 யூனிட் ஆகும். உங்கள் வேகத்துக்கு இரண்டு மாதத்தில் 200 யூனிட். 380 இருப்பது 580 ஆகும். நம் மின்கட்டணத்தில் 500 என்பது பெரிய கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு நிற்காது; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ஒரே யூனிட் கூடினாலும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் குதிக்கும். 2024 ஜூலைக் கட்டணப்படி 580 யூனிட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டுவது சுமார் 1,670 ரூபாய். அதே இரண்டு மாத கேஸ் செலவு 1,420. பால் காய்ச்ச, வெந்நீர் வைக்க மட்டும் ஒரு சின்ன இண்டக்‌ஷன் என்றால் மீட்டரில் 480க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கவலையை இப்போது ஏற்க வேண்டியதில்லை.

உண்மையில் மிச்சம் இருப்பது மாவில். வாரம் நான்கு பாக்கெட், மாதம் 16 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றாலே 800. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் அரைத்தால் மூன்று கிலோ மாவு வரும். கடை அரிசியே போட்டாலும் கிலோவுக்கு 28 ரூபாய்தான் ஆகும்; அரிசியில் பாதி ரேஷன் புழுங்கலரிசி என்றால் இன்னும் குறையும். ரேஷன் அரிசியில் இட்லி பிசுபிசுக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் முழுக்க அதையே போடுகிறார்கள். ஐந்தாறு தண்ணீர் கழுவி, தனியாக ஊறவைத்து, கெட்டியாக, சற்றுக் கொரகொரப்பாக எடுங்கள். உளுந்து மட்டும் நன்றாகப் பொங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை அரைப்பதற்கு நேரமில்லை என்றால் ஞாயிறு ஒரே தடவை அரைத்து, பாதியைப் புளிக்க விடாமல் அரைத்த உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். புதன் இரவு வெளியே எடுத்துப் புளிக்க விட்டால் போதும்.

ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்குவதாக நீங்கள் எழுதவில்லை. வாங்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டில் மட்டும் மாதம் 150 முதல் 200 ரூபாய். செயலியில் மாதம் பத்துப் பன்னிரண்டு முறை சிறிது சிறிதாக வாங்குவதற்கான டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் இன்னொரு 300, 350. மாதத் தொடக்கத்தில் பட்டியல் எழுதி மொத்த மளிகைக் கடையில் ரொக்கமாக வாங்குங்கள். மூன்றும் சேர்த்து 900 ரூபாய் சுற்றி மிஞ்சும். தையலில் கொஞ்சம் போட்டு ஆயிரமாக்கி நகைக் கடனில் கட்டினால் 24 மாதம் 20 மாதமாகும்.

டிஜிட்டல் தங்கத்துக்கு மட்டும் இப்போது இடமே இல்லை. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வேறு. இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. தங்கம் வேண்டுமென்றால் வங்கியில் வைக்கப்போகும் உங்கள் நகையை மீட்பதே தங்கம் வாங்குவது.

மோதிரம். தாய்மாமன் கடமையைப் போன வருடமே செய்தாகிவிட்டது. பால் காய்ச்சும் வீட்டுக்கு அண்ணன் வீட்டிலிருந்து பாத்திரம், புடவை, வேட்டி எடுத்துக்கொண்டு போவது எந்த ஊரிலும் குறைவாகப் பார்க்கப்படுவதில்லை. அதற்கு 3,000 ரூபாய், கையில் இருக்கும் ரொக்கத்தில். இதை நீங்கள் சொல்ல வேண்டாம். சொன்னால் அண்ணி தடுத்துவிட்டாள் என்றாகும். உங்கள் கணவர் தன் தங்கையிடம், ஆடி பிறப்பதற்கு முன்பே, நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் மனஸ்தாபம் வரும், அவரும் மனம் இளகி நகைக்கடைக்குப் போய்விடுவார். மாமியாரிடம் 92,000 பாக்கியையும் மாத வட்டி 3,800 என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். இது அவருக்குத் தெரியாமல் இருந்தால் மோதிரப் பேச்சு முதலில் அவரிடமிருந்துதான் வரும்.