பாட்டா, பேச்சா?

கேள்வி: நம்மூர்க் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து சொல்கிறார்களே, அது பாட்டா, பேச்சா? பழனிப் பாதயாத்திரையிலும் ஒரே கோஷத்தை வழிநெடுகச் சொல்கிறோம். இப்படித் திரும்பத் திரும்பச் சொல்வதால் என்ன பயனுங்க?
– வாசகி, சிவகிரி, ஈரோடு மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் நடுவில் இருப்பதுங்க. பாட்டில் ராகம் ஓடியாடும். ஓதும்போது குரல் ஓரிரு சுரங்களுக்குள்ளேயே நின்றுகொண்டு சொல்லை முன்னால் விடும். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தும் அப்படித்தான், இடையிடையே மேளத்தில் ஒரு தட்டு விழும், அது சொல்பவருக்கு மூச்சு வாங்க இடம், கேட்கிற நமக்கு அடி முடிந்த கணக்கு. அவ்வளவு நீள வாழ்த்தை ஏடு பார்க்காமல் சொல்ல முடிவது இந்தத் தாளத்தால்தான். (நம் ஆட்கள் அந்த நேரம் பார்த்துப் பந்திக்கு ஓடிவிடுவார்கள், அது வேறு கதை.)

பாதயாத்திரையில் வேலை வேறு. ஒருவர் ‘கந்தனுக்கு’ என, கூட்டம் ‘அரோகரா’ என்கிறது. காலடி ஒன்றுசேர்கிறது, தளர்ந்தவரும் கூடவே நடந்துவிடுகிறார். நிதானமாகச் சொன்னால் மூச்சும் சீராகும். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், ஜெபமாலை ஜெபமோ யோக மந்திரமோ சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறையாகக் குறைந்தது.

சரி, மனம் அதில் இல்லாவிட்டால்? கொடுமுடி சிவன் கோயிலில் சுந்தரர் அதைத்தான் பாடினார்: நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு ‘நமச்சிவாய’ என்று சொல்லும். உங்களுக்குக் கொடுமுடி எட்டிப் போகிற தூரம்தானே, ஓதுவார் பாடும் நேரமாகப் பார்த்துப் போய்க் கேளுங்கள்.