பூனையுடன் பாலைவனப் பயணம்: மோட்டார் ஹோமுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கும் மகனுடன் ஆறு மாதங்கள் தங்குவதற்காக நானும் கணவரும் செல்லவிருக்கிறோம். எங்கள் வயதான பூனையைப் பார்த்துக்கொள்ள இங்கே எவரும் இல்லாததால் அதையும் கொண்டுசெல்கிறோம். ஜூலையில் இரண்டு வாரங்களுக்கு உள்ளேயே சமைத்து உறங்கக்கூடிய மோட்டார் ஹோம் வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து டெத் வெலிப் பாலைவனம், லாஸ் வெகாஸ் வழியாகக் கிராண்ட் கன்யன் வரை போய்த் திரும்ப எண்ணியுள்ளோம். கொழும்பிலுள்ள பயண முகவர் ஓர் இரவுக்கு இவ்வளவு என ஒரே தொகையைக் கூறி, முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். நாங்கள் இடங்களைப் பார்க்கும் வேளையில் குளிரூட்டியைப் போட்டுப் பூனையை வாகனத்திலேயே விடலாம் என்றும் சொல்கிறார். நம்பிக் கட்டலாமா? — வெள்ளவத்தை வாசகி

பதில்: இப்போது கட்ட வேண்டாம். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. டெத் வெலியில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 47 பாகை செல்சியஸ். கொழும்பில் நண்பகலில் நாம் காணும் 31 பாகை அங்கே இரவின் சராசரிக் குறைந்த வெப்பம். 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி 56.7 பாகை பதிவானதும் அங்கேதான். கோடை மாதங்களில் தமது வாகனங்களை டெத் வெலிக்குள் கொண்டுசெல்லக் கூடாது என ஒப்பந்தத்திலேயே தடைவிதிக்கும் வாடகை நிறுவனங்கள் உள்ளன. தடையை மீறிச் சென்று இடைவழியில் வாகனம் நின்றுவிட்டால், அதை இழுத்து வரும் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழக்கூடும். உங்கள் முகவர் இதனை அறிந்திருந்தாரா என்பதே அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

குளிரூட்டி பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. மோட்டார் ஹோமின் கூரையிலுள்ள குளிரூட்டி வீட்டு மின்சாரத்தில் இயங்குவது. வாடகை வாகனங்களிலுள்ள சாதாரண மின்கலம் அதை இயக்கப் போதாது. ஆகவே, மின்னிணைப்புள்ள முகாமிடத்தில் வாகனத்தை நிறுத்த வேண்டும், அல்லது வாகனத்தின் மின்பிறப்பாக்கியை ஓடவிட வேண்டும். மின்பிறப்பாக்கி பொதுவாக வாகனத்தின் பெற்றோல் தாங்கியிலிருந்தே எரிபொருளை எடுக்கும். தாங்கியில் ஏறத்தாழ காற்பங்கு மிஞ்சும்போது, பயணிகள் வழியில் அகப்பட்டுவிடாதிருப்பதற்காக, அது தானாகவே நின்றுவிடும். நீங்கள் மணற்குன்றில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் வாகனத்துக்குள் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. டெத் வெலியில் மின்பிறப்பாக்கிக்கு இடமளிக்கும் முகாம்களிலும் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் அதை இயக்கலாம். மின்னிணைப்புள்ள இடங்கள் மிகச் சிலவே. கிராண்ட் கன்யனின் தென்விளிம்பில் உள்ள ‘மாதர்’ (Mather) என்ற முகாமில் மின்னிணைப்பு அறவே இல்லை. அருகிலுள்ள ட்ரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் உண்டு. முன்பதிவு செய்யும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் பலர்.

வெப்பத்தால் ஆபத்து நேரும் நிலையில் விலங்கை ஆளில்லா வாகனத்தில் விடுவது கலிபோர்னியாவில் குற்றமுமாகும். பூனையை உடன் அழைத்துச் செல்லலாமே என்றால், டெத் வெலியின் நடைபாதைகளில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை; வீதியோரங்கள், வாகனத் தரிப்பிடங்கள், முகாம்கள் ஆகியவற்றில் மட்டும், ஆறடிக்கு மேற்படாத வாரில் கட்டி வைத்திருக்கலாம். எனவே, இருவரில் ஒருவர் பூனையுடன் இருக்க, மற்றவர் போய்ப் பார்த்து வருவதே நடைமுறைக்கு ஒத்தது. அது உங்களுக்குச் சலிப்பூட்டுமானால், அந்த இரண்டு வாரங்களும் பூனை மகன் வீட்டிலேயே இருக்கட்டும். பூனையின் பக்கத்திலிருந்து பார்த்தால், அதுதான் சரியான தெரிவு என்பேன்.

உடன் கொண்டுபோவதில் உறுதியாக இருந்தால் பயணத்தை ஒக்டோபர் பிற்பகுதிக்கோ மார்ச், ஏப்ரலுக்கோ மாற்றுங்கள். நடுக் குளிர்காலமும் உகந்ததன்று. கிராண்ட் கன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவையும் விட மேலே இருப்பதால், பனி பெய்து வாகனத்தின் நீர்க்குழாய்கள் உறைந்துபோக இடமுண்டு.

இனி விலைக்கு வருவோம். ஓர் இரவுக்கான தொகை என்பது பெரும்பாலும் வெறும் வாகனத்துக்கு மட்டுமே. ஓடும் தூரத்துக்கு மைல் கணக்கில் தனிக் கட்டணம், மின்பிறப்பாக்கி ஓடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கட்டணம், சமையற் பாத்திரங்களுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் வாடகை, செல்லப்பிராணிக்கான சுத்திகரிப்புக் கட்டணம், மீளளிக்கத்தக்க வைப்புப் பணம் என்பன பின்னால் வந்து சேரும். நீங்கள் சொல்லும் வழி, சுற்றல்களைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 1,200 மைல், அதாவது 1,900 கிலோமீற்றர் வரும். இத்தகைய வாகனம் ஒரு லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடுவதே அரிது என்பதால், 500 லீற்றர் பெற்றோலுக்காவது கணக்கு வையுங்கள். முகாமிட வாடகையும் உங்களுடையதே. இவை அனைத்தையும் உள்ளடக்கிய ஒரே விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அதைத் தரத் தயங்கும் முகவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

காப்புறுதியில் கூரைச் சேதமும், செப்பனிடப்படாத வீதிகளில் நேரும் சேதமும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். நம்மவர்கள் காரைப் போலவே இதையும் ஓட்டி, தாழ்ந்த கூரைகளில் மோதிவிடுவதுண்டு. உங்கள் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரமும், இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் வழங்கும் சர்வதேச அனுமதிப்பத்திரமும் அந்த வாகனத்தின் எடைக்குச் செல்லுபடியாகும் என்பதையும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். வாகனத்தைப் பெறும்போது, பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி அதில் உண்டா எனப் பாருங்கள். அதன் அடியில் பூனை புகுந்துகொள்ளும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். ஓடும்போது பூனை கூண்டில், ஆசனப் பட்டியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். முன்பணத்தை மட்டும் கடனட்டையால் செலுத்தி, இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற நிபந்தனையோடு பற்றுச்சீட்டைப் பெறுங்கள். அமெரிக்க நிறுவனத்தின் மீது நமது சட்டம் செல்லாது; ஆனால் இங்குள்ள முகவர் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துக்கு உட்பட்டவர். முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

பூனையின் ஆவணங்களைப் பொறுத்தவரை, போவதை விடத் திரும்பி வருவதற்கே ஆயத்தம் கூடுதலாகத் தேவை. இலங்கைக்குள் பூனையைக் கொண்டுவர, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். ஆகவே விமானச்சீட்டை எடுக்கும் முன்னரே அங்கே விசாரித்து, விசர்நோய்த் தடுப்பூசியையும் மைக்ரோசிப்பையும் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மிருக வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.