சன்பேக் விமானம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஆற்காட்டில் சின்னதாக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். சாலையோர போர்டுகளில் விமானம் செய்வது பற்றி நீங்கள் எழுதியதை என் மகன் படித்துவிட்டான். பிளஸ் ஒன் படிக்கிறான். கடையில் தேங்கிக் கிடந்த தேர்தல் போர்டுகளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டான். வால் முதல் மூக்கு வரை எல்லாமே 5 எம்எம் சன்பேக், அதாவது உள்ளே வரிசையாகக் குழாய் ஓடும் பிளாஸ்டிக் ஷீட். இறக்கை 4 அடி நீளம், ஒன்பதரை இன்ச் அகலம். 2212 மோட்டார், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 1000 சுற்று), ரிமோட் எல்லாம் அவன் மாமா சென்னையிலிருந்து வாங்கிக் கொடுத்தார். மொத்தம் 1,600 கிராம். பாலாற்று மணலில் நின்று வீசினோம். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், ஒரு நொடி நிற்கும், இடது பக்கம் சாய்ந்து குத்தும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. ப்ரொப்பெல்லரைத் தவிர எதுவும் உடையவில்லை என்பது ஆச்சரியம், ஆனால் ஃபெவிக்விக் போட்ட இடமெல்லாம் பிய்ந்துகொண்டு வருகிறது.

இந்தக் குப்பையெல்லாம் பறக்காது, ரெடிமேட் ஃபோம் விமானம் வாங்கிக் கொடுங்கள் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். வாங்கிவிடலாமா? தேர்தல் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க இது ஒரு வழியாகுமே என்ற ஆசையும் எனக்கு உண்டு. இன்னொன்று, இறக்கையில் தலைவர்கள் முகம் பெரிதாகத் தெரிகிறது. கட்சிக்காரர்கள் பார்த்தால் சங்கடம் ஆகுமா?

எஸ்., ஆற்காடு

அன்புள்ள எஸ்.,

ஃபோம் விமானம் இப்போது வேண்டாம். உங்கள் மகன் செய்தது பறக்காததற்குக் காரணம் எடை, அதிலும் முக்கியமாக அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடம். இரண்டையும் சரிசெய்ய முடியும், அதற்கான சரக்கும் உங்கள் கடையிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு. 4 அடிக்கு ஒன்பதரை இன்ச் என்றால் இறக்கையின் பரப்பு ஏறக்குறைய 29 சதுர டெசிமீட்டர். அதன் மேல் 1,600 கிராம் உட்கார்ந்தால் சதுர டெசிமீட்டருக்கு 55 கிராம். இந்தச் சுமையோடு விழாமல் காற்றில் நிற்க அந்த விமானம் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்திலாவது போயாக வேண்டும். பிளஸ் ஒன் பையன் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உள்ள ஒன்றை வீசினால், என் கணிப்பில், 25-ஐத் தாண்டுவதே கஷ்டம். அந்த மோட்டார் 10 இன்ச் ப்ரொப்பெல்லரோடு தரும் இழுவிசை விமானத்தின் எடையில் பாதிதான், ஆகவே மீதி வேகத்தை எட்டிப் பிடிக்க அதற்கு இரண்டு மூன்று நொடியாவது நேராகப் போக வேண்டும், அதற்குள்தான் மூக்கு மேலே தூக்கிவிடுகிறதே. இதே இறக்கையில் மொத்த எடையை 900 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டால் தேவையான வேகம் 25 ஆகிவிடும், அது கையால் வீசக்கூடிய வேகம்.

700 கிராமை எங்கே குறைப்பது? மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, 3 செல் 2200 பேட்டரி, வாலையும் இறக்கை மடல்களையும் அசைக்கும் நாலு சர்வோ, ரிசீவர் எல்லாம் சேர்ந்து 320 கிராம் பக்கம் வரும், அதில் கை வைக்க முடியாது. மிச்சம் முழுக்க போர்டு. ஷீட் வாங்குகிறவர் நீங்கள், ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் ஷீட் எத்தனை கிராம் என்ற கணக்கை நான் உங்களுக்குச் சொல்லித் தருவது அதிகப்பிரசங்கித்தனம், ஆனால் மகனுக்குச் சொல்லுங்கள்: 50 செ.மீ.க்கு 20 செ.மீ. ஒரு துண்டு வெட்டி சமையலறைத் தராசில் வைத்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதுதான் ஜிஎஸ்எம். 5 எம்எம் போர்டு 1,000 பக்கம் காட்டும், 2 எம்எம் 400-க்குள் நிற்கும். மேலும் கீழுமாக மடித்த இறக்கைக்கு 0.6 சதுர மீட்டர் ஷீட் ஆகிறது. அப்படியானால் 5 எம்எம்மில் இறக்கை மட்டும் 600 கிராம், 2 எம்எம்மில் 240.

2 எம்எம் தொங்கிவிடாதா என்று கேட்பான். தொங்காது, இரண்டு விஷயத்தைக் கவனித்தால். ஒன்று, ஷீட்டுக்குள் ஓடும் குழாய்கள் இறக்கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும், அதாவது ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு. போர்டில் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்து வெட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், குழாய் குறுக்கே போய்விட்டால் அந்த இறக்கை காற்றில் கைதட்டும். இரண்டு, நடு இரண்டடிக்கு உள்ளே ஒரு முதுகெலும்பு. அலுமினிய பார்ட்டிஷன் போடுகிற கடையில் அரை இன்ச் சதுரக் குழாயின் வெட்டுத் துண்டு கிடைக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அந்தப் பழைய 5 எம்எம் போர்டைப் பட்டை பட்டையாக வெட்டி அதன் மேலும் கீழும் உயரம் கொடுத்துக்கொண்டால், அந்த போர்டுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

இனி வால். மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்று விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வால் கனத்த விமானத்தின் குணம். 5 எம்எம்மில் வால் வெட்டினால் படுக்கை, நிமிர்ந்தது இரண்டும் சேர்ந்து 100 கிராம் வரும், 2 எம்எம்மில் 40. வித்தியாசம் 60 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் வால் எடை மையத்திலிருந்து 60 செ.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கு 20 செ.மீ. முன்னால்தான் இருக்கிறது. வாலில் உள்ள 60 கிராமைச் சமன் செய்ய மூக்கில் 180 கிராம் ஈயம் கட்ட வேண்டும். தராசுத் தட்டு கணக்கு, அவ்வளவுதான். ஆகவே மூக்கில் எடை கட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் வாலில் குறையுங்கள். எடை மையம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 6 முதல் 7 செ.மீ.க்குள் வர வேண்டும். இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் படுத்தவாக்கில், மூக்கு ஒரு பொட்டு கீழே சாய்ந்து நிற்க வேண்டும். நிற்காத வரைக்கும் ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. நின்ற பிறகும் முதல் வீச்சு மோட்டார் இல்லாமல், மெதுவாக, இடுப்பளவு உயர மணல்மேட்டிலிருந்து.

பசை விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் உங்களோடு பேச ஆசை, ஏனென்றால் இதே பிரச்சினை உங்களுக்குத் தொழிலில் தினமும் இருக்கிறது. பழைய ஸ்டாக் ஷீட்டில் அடித்த மை நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும் இல்லையா, அதே காரணத்தால்தான் ஃபெவிக்விக்கும் உரிகிறது. சன்பேக் என்பது பாலிப்ரொப்பிலீன். அதன் மேற்பரப்பு எதையும் பிடித்துக்கொள்ளாது. மேற்பரப்பின் பிடிப்புக்கு அச்சுத் தொழிலில் சொல்கிற டைன் கணக்கில் அது 30 அளவில்தான் இருக்கும், மை பிடிக்க 38-க்கு மேல் வேண்டும். அதனால்தான் பிரிண்டிங்குக்கான ஷீட்டுக்கு ஆலையிலேயே மின்பொறி காட்டி மேற்பரப்பை மாற்றும் கரோனா ட்ரீட்மென்ட் கொடுத்து அனுப்புகிறார்கள், மாதக்கணக்கில் கிடந்தால் அந்த ட்ரீட்மென்ட் மங்கிவிடுகிறது. வெயிலில் நின்று திரும்பிய போர்டில் அது எங்கே மிஞ்சியிருக்கும்?

அந்த வேலையை வீட்டில் நெருப்பால் செய்யலாம். சின்ன கேஸ் டார்ச்சின் நீலச் சுடரின் நுனி ஒட்டப்போகும் இடத்தின் மேல் ஓடிவிட்டுப் போக வேண்டும், நிற்கவே கூடாது. 160 டிகிரியைத் தாண்டினால் ஷீட் உருக ஆரம்பித்துவிடும். சரியாகச் செய்திருந்தால் பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது, ஆனால் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தால் முத்தாக உருளாமல் பரவி நிற்கும். பரவினால் அப்போதே பசை போட்டு ஒட்டிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. தயவுசெய்து இதைக் கடைக்குள் செய்ய விடாதீர்கள். தின்னர் டப்பா இருக்கிற இடத்தில் டார்ச்சா! மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், நீங்களும் கூட நில்லுங்கள்.

அடி வாங்குகிற இடங்களில் பசையை நம்பவே வேண்டாம். மோட்டார் மவுண்டுக்கு பிளைவுட் துண்டும் ஸ்குரூவும், சர்வோவுக்குக் கேபிள் டை, இறக்கையை உடலோடு சேர்க்க ரப்பர் பேண்டு. குத்தும்போது ரப்பர் பேண்டு கழன்றுகொள்ளும், இறக்கை தப்பித்துவிடும். வாலில் அசையும் மடலான எலிவேட்டருக்கும், இறக்கையில் அசையும் மடலான எய்லரானுக்கும் தனிக் கீல் வாங்கி வீணாக்க வேண்டாம். ஒரு குழாயின் மேல்தோலை மட்டும் நீளமாக வெட்டி எடுத்துவிட்டால் அடித்தோலே கீல். தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மடக்கு மூடியும் இதே பிளாஸ்டிக்தான், எத்தனை வருஷம் திறந்து மூடினாலும் அறுவதில்லை. சர்வோவிலிருந்து வாலுக்குப் போகிற கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் அல்லது குடைக்கம்பி போதும். உடலின் பக்கத்துப் பலகையில் குழாய்கள் நீளவாக்கில் ஓடும்படி வெட்டியிருந்தால் கம்பியை அதற்குள்ளேயே விட்டு எடுத்துவிடலாம்.

இது எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஸ்பேட் என்ற பெயரில், விரித்தால் சிம்பிள் பிளாஸ்டிக் ஏர்பிளேன் டிசைன், ஒரு கூட்டமே இதைச் செய்துவந்தது. அங்கே தேர்தல் முடிந்ததும் வீட்டு வாசல் புல்வெளிகளில் நட்டிருந்த, நம் சன்பேக் மாதிரியேயான கோரோபிளாஸ்ட் போர்டுகள் மிஞ்சும், மழைநீர் இறங்கும் சதுர வினைல் குழாய் உடலாகிவிடும். பால்சா என்ற லேசான கட்டையில் மாசக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்து ஒரே குத்தில் சுள்ளியாக்கிக்கொண்ட அலுப்பு அவர்களுக்கு. போர்டு விமானம் அழகாக இருக்காது, கனமாக இருக்கும், ஆனால் குத்தினால் மறுபடி நிமிர்த்திவிட்டு அதே சாயங்காலம் பறக்கவிடலாம். உங்கள் மகனுக்கு இதெல்லாம் ஏற்கனவே நடந்துவிட்டது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. அத்தனை தடவை மூக்கால் குத்தியும் ஒரு ப்ரொப்பெல்லரோடு போயிற்று என்றால் அவன் பயமில்லாமல் வீசலாம். ஃபோம் விமானம் முதல் நாளே பறக்கும், உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எடை மையம் என்றால் என்ன, வால் ஏன் கனக்கக் கூடாது என்பதை அந்தக் கம்பெனிக்காரனே அவனுக்குப் பதிலாக யோசித்து முடித்திருப்பான். ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு வாங்கிக் கொடுங்கள், இதே மோட்டாரும் ரிமோட்டும் அதற்கும் உதவும்.

குப்பை குறையுமா என்றால், குறையாது. ஒரு விமானத்துக்கு மூன்று போர்டு போனால் அதிகம். ஒரு தேர்தலில் உங்கள் கடை ஒன்றே எத்தனை அடிக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் விமானம் கட்டினாலும் தீராது. அதை அடிப்பவர்களும் ஆர்டர் கொடுப்பவர்களும்தான் யோசிக்க வேண்டும், நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விமானத்துக்குப் பழைய போர்டைவிட உங்கள் கடையில் மிஸ்பிரிண்ட் ஆன 2 எம்எம் ஷீட்தான் நல்லது. ஒரு கோடை முழுக்க நம் ஊர் வெயிலில் நின்ற போர்டு உளுத்துப் போயிருக்கும். மூலையைப் பிடித்து முழுசாக மடித்துப் பாருங்கள், வெள்ளையாகக் கோடு விழுந்தால் சரி, டக்கென்று வெடித்தால் தூக்கிப்போடுங்கள். வினைல் ஸ்டிக்கர் ஒட்டிய போர்டு என்றால் ஸ்டிக்கரை வெயிலில் காயவைத்து உரித்துவிடுங்கள், வீண் எடை. வெளியில் இருக்கிற போர்டை எடுப்பதாக இருந்தால், மரத்தில் ஆணி அடித்து மாட்டியதை ஆணியோடு பிடுங்கி வரலாம், அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. கடை வாசலில் இருப்பதைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைத் துறையும் போலீஸும் வைத்த போர்டுகளைத் தொடவே கூடாது.

பாலாறு நல்ல இடம்தான், தண்ணீர் இல்லாத மாதங்களில். பாலத்தையும் மின்கம்பிகளையும் சீமைக்கருவேலப் புதரையும் விட்டுத் தள்ளி வாருங்கள், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் காற்று மெலிந்துவிடும் என்பார்கள், காலை 27 டிகிரிக்கும் மதியம் 41 டிகிரிக்கும் அந்த வித்தியாசம் 4, 5 சதவீதம்தான். உண்மையான தொந்தரவு மணல் சூடானதும் கிளம்புகிற சுழல்காற்று. 2021 ட்ரோன் விதிகளின்படி, வணிக நோக்கம் இல்லாமல் 2 கிலோவுக்குள் இருப்பதை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம், மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய இடமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், பதிவு பற்றி அரசுத் தளத்தில் என்ன இருக்கிறது என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள். பச்சையில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. உறவினர் வீடு என்று அரக்கோணம் போனால் விமானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அங்கே கடற்படையின் ராஜாளி தளம் இருக்கிறது. வேலூர் பக்கம் வந்தால் அப்துல்லாபுரத்து விமான நிலையத்தை மறக்க வேண்டாம்.

தலைவர்கள் முகத்தை மடிப்புக்கு உள்பக்கமாகப் போட்டுவிடுங்கள், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இறக்கையின் அடிப்பக்கத்துக்கு ஏதாவது அடர்த்தியான நிறம் வேண்டும். மேலே வெள்ளை, கீழே நிறம் என்று இருந்தால்தான் தூரத்தில் போகும்போது விமானம் நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரியும். ரியல் எஸ்டேட் போர்டு இதற்கு ரொம்ப தோது, பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைக் குத்தும். போன் நம்பரை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள், பாலாற்றங்கரையில் மாடு மேய்க்கிறவர் யாராவது அண்ணாந்து பார்த்து மனை என்ன விலை என்று போன் போட்டுவிடப் போகிறார்.