பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கலாமா?

கேள்வி: சாங்கி பக்கம் ஒரு மிதக்கும் மீன்பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்தப் பண்ணைக்கு, அதாவது கெலோங்குக்கு, கரையிலிருந்து கரண்ட் வராது. 250 வாட் சோலார் பேனல் இரண்டு, 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவு) ஏஜிஎம் எனும் மூடிய ஈய பேட்டரி இரண்டு, சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) 24 வோல்ட். மூன்றரை வருஷம் ஆகிறது. இப்போது விடியற்காலை 3 மணிக்கே ஏர் பம்ப் நின்றுவிடுகிறது. முதலாளி, புதிதாக இரண்டு வாங்கிப் பழையதோடு பேரலலில் (பக்கவாட்டில், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போடலாம் என்கிறார். கூட வேலை பார்ப்பவரோ, ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எது சரி?

பதில்: ஒன்றை மட்டும் மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். முதலாளி சொல்வது நடக்கும், பழையவை சோதனையில் தேறினால்.

சீரிஸில் இரண்டு பேட்டரியிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். புதுசு 100 ஏஎச், தேய்ந்த பழசு 60 ஏஎச் என்று வையுங்கள். இரவில் பழசு முதலில் காலியாகும். பேட்டரி இறங்கினால் சப்ளையை நிறுத்தும் கட்-ஆஃப் பார்ப்பது மொத்த வோல்ட்டேஜை மட்டும் என்பதால், பழசு 10 வோல்ட்டுக்குக் கீழே போன பிறகும் அதிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் அதே பழசு முதலில் நிறைந்து, அதன் வோல்ட்டேஜ் அளவு மீறி ஏறும். பேனலிலிருந்து சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குத் தெரிவது மொத்தம் 28.8 வோல்ட் வந்துவிட்டது என்பதுதான், சார்ஜைக் குறைத்துவிடும். புதுசு அரைகுறையாக நிற்கும். ஈய பேட்டரி நாள்கணக்கில் நிறையாமல் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சில மாதத்தில் புதுசும் பழசாகும், அவ்வளவுதான்.

பேரலலில் கதை வேறு. அங்கே வோல்ட்டேஜ் பொது. ஒவ்வொரு ஜோடியும் தன்னால் முடிந்த கரண்ட்டைத் தரும். உள்தடை குறைவான புதுசு அதிகச் சுமையைத் தாங்கும், பழசு கொஞ்சம் கைகொடுக்கும். இது மட்டும் என்றால் பெரிய கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது, பழையதில் ஒரு செல் ஷார்ட் ஆவதற்குத்தான். அப்போது அந்த 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 10.5-க்கு இறங்கிவிடும். இரவு முழுக்கப் புது ஜோடி அதற்குள் கரண்ட்டைக் கொட்டும். பகலில் சார்ஜரும் சேர்ந்து கொட்டும். பெட்டி சூடாகி உப்பும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி டிசி ஃபியூஸ் கட்டாயம்.

காசு செலவழிக்கும் முன் டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கடல் காற்றில் பச்சை பூத்த இணைப்பு, பேட்டரி செத்துவிட்டது போலவே காட்டும். அப்புறம் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுக்க ஏற்றி, கழற்றி, ஓர் இரவு சும்மா வையுங்கள். நல்லது 12.8 வோல்ட் பக்கம் நிற்கும். ஆனால் அதை வைத்துக் கொள்ளளவைச் சொல்ல முடியாது. 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள், சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். புது 100 ஏஎச் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரம் ஆக வேண்டும். 16 மணி நேரம் தாக்குப்பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். 10, 12 மணி நேரத்திலேயே விழுந்தால் அதைப் புதுசோடு சேர்க்காதீர்கள். சோதனை முடிந்ததும் உடனே சார்ஜ் போடுங்கள். அந்த நாட்களில் பம்புக்கு ஜெனரேட்டர் இருக்கட்டும்.

தேறிவிட்டால், புதுசும் அதே ஏஜிஎம் வகை, அதே 100 ஏஎச் ஆக இருக்கட்டும். இணைக்கும்போது இரண்டு ஜோடியும் முழு சார்ஜில், 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். கேபிள்கள் ஒரே நீளம். பிளஸ்ஸை ஒரு ஜோடியிலிருந்தும் மைனஸை மற்ற ஜோடியிலிருந்தும் எடுங்கள், சுமை சமமாகப் பிரியும்.

கடைக்காரர் லித்தியம் வாங்கச் சொன்னால் தாராளமாக வாங்கலாம், ஆனால் ஈய பேட்டரியோடு ஒரே வயரில் கட்டாதீர்கள். இரண்டின் வோல்ட்டேஜும் சார்ஜ் ஏறும் விதமும் வேறு. பழசை முழுக்கக் கழற்றி, கன்ட்ரோலர் செட்டிங்கையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, பேட்டரி மேல் மட்டும் பழியைப் போட வேண்டாம். சிங்கப்பூரில் சராசரியாக நாளுக்கு நாலரை மணி நேர முழு வெயில் கணக்கு. உங்கள் 500 வாட் பேனல், இழப்பு போக ஒன்றரை யூனிட் தரும். டிசம்பர், ஜனவரி மழையில் அதுவும் குறையும். பேட்டரியை இரட்டிப்பாக்கிவிட்டு, சேமிப்பு கூடிவிட்டதே என்று ஒரு ஃபிரிட்ஜையும் மாட்டினால் நாலும் பட்டினி கிடக்கும். பேட்டரிப் பெட்டியை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். உங்களுடையது மூன்றரை வருஷம் உழைத்ததே பெரிது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேர்க்கவே மாட்டேன். மீனின் உயிர் பம்பில் இருக்கிறது. புது ஜோடியை அதற்கு மட்டும் விட்டுவிடுவேன். பழசுக்கு ஒரு சிறிய பேனலும் தனி கன்ட்ரோலரும் வைத்து விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் ஓட்டுவேன். பழசு ஒருநாள் படுத்தாலும் அன்றிரவு இருட்டில் சாப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவே. அது முழுக்கப் போனதும் பேட்டரி கடையிலோ பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடமோ கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு.