இறங்கும் உயரமும் திருப்பிச் சொல்லும் கடமையும்

மதிப்புக்குரிய ஐயா,

விமானப் போக்குவரத்தைப் பற்றித் தாங்கள் எழுதும் கட்டுரைகளை உப்புவெளியிலிருந்து தொடர்ந்து வாசித்து வருகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். சீனக்குடாவிலிருந்து எழும் விமானப்படைப் பயிற்சி விமானங்களைப் பார்த்து வளர்ந்த என் இளைய மகள் இப்போது வெளிநாட்டில் விமானிப் பயிற்சி பெறுகிறாள். சென்ற மாதம் ஒரு பயிற்சிப் பறப்பில், இறங்கவேண்டிய உயரத்தை, தரையிலிருந்து வானொலியில் வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொன்னபோது, அவள் அந்த இலக்கங்களைத் திருப்பிச் சொல்லாமல் 'ரோஜர்' என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள். சரியான உயரத்துக்கே இறங்கியும் இருக்கிறாள். ஆனால் பயிற்றுநர் அத்துடன் பயிற்சியை நிறுத்தித் தரையிறங்கச் செய்து, மற்ற மாணவர்களின் முன்னிலையில் கடுமையாகக் கண்டித்தாராம். பிள்ளை தொலைபேசியில் அழுதாள். கேட்டதும் சரி, செய்ததும் சரி என்றிருக்க, ஒரு சொல்லில் பதிலளித்தது அவ்வளவு பெரிய குற்றமா? விமானத்தின் உயரம் ரேடார் திரையில் தெரியும்தானே?

— ஒரு தந்தை, உப்புவெளி

அன்புள்ள ஐயா,

தங்கள் மகள் சரியான உயரத்துக்கே இறங்கினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் இறங்கி முடிக்கும் வரை அது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 'ரோஜர்' என்பதற்குச் சர்வதேச நடைமுறையில் உள்ள பொருள், நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது என்பது மட்டுமே. கிடைத்தது எது என்பதை அது சொல்வதில்லை. அதனால்தான் உயரம், திசை, வேகம், ஓடுபாதை, உயரமானிக்கு வைக்கவேண்டிய அமுக்க அளவு போன்றவற்றை விமானி வாய்விட்டுத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்திருக்கிறது. இதைத் தொழிலில் 'ரீட்பேக்' என்போம்.

சுக்கான் பிடித்த தங்களுக்கு இது புதிதன்று. 'இடப்பக்கம் பத்து' என்று கட்டளை வந்தால், சக்கரத்தைத் திருப்புமுன் 'இடப்பக்கம் பத்து' என்று உரக்கச் சொல்லியிருப்பீர்கள். 'சரி ஐயா' என்று நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அங்கே கட்டளையிடுபவர் தங்கள் அருகிலேயே நிற்கிறார், சுக்கான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்ணாலும் பார்க்கிறார். கட்டுப்பாட்டாளருக்கு அந்த வசதியும் இல்லை.

ரேடாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் தெரிவது விமானம் இப்போது இருக்கும் உயரம். விமானி எங்கே போய் நிற்க எண்ணியிருக்கிறார் என்பதன்று. ஒன்றின்மேல் ஒன்றாகப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கிடையே பொதுவாக விடப்படும் இடைவெளி 1,000 அடி. நிமிடத்துக்கு 2,000 அடி வீதம் இறங்கும் ஒரு விமானம் அந்த இடைவெளியை அரை நிமிடத்தில் கடந்துவிடும். நிறுத்தவேண்டிய உயரத்தில் அது நிற்கவில்லை என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடித்து, அழைத்து, விமானி அதைக் கேட்டுத் திருத்துவதற்குள் அந்த அரை நிமிடத்தில் என்ன எஞ்சும்? விமானி தன் கருவியில் தெரிவுசெய்துள்ள உயரத்தையே காட்டும் புதிய வகை ரேடார்கள் இப்போது சில நாடுகளில் இருக்கின்றன. அவை பெரும் துணைதான், ஆயினும் எல்லா இடங்களிலும் இல்லை.

திருப்பிச் சொல்லாததன் ஆபத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, திருப்பிச் சொன்னதைக் கேளாமல் விடுவது. 1989 பெப்ரவரி 19ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். அவர் உச்சரித்தது 'டிசென்ட் டூ ஃபோர் சீரோ சீரோ' என்று. இரண்டைக் குறித்த அந்த 'டூ', விமானிகளின் காதில் 400 'க்கு' என்பதில் வரும் 'டு' ஆக விழுந்தது. தலைமை விமானி 'ஓகே, ஃபோர் சீரோ சீரோ' என்று பதில் சொன்னார். விமானம் கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றின் சரிவில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். தரை நெருங்குகிறது என்று கருவி எச்சரித்ததும் பயன்படவில்லை.

இந்த விபத்தை உச்சரிப்பில் நேர்ந்த குழப்பமாகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். அதன்பின்னர் 'டூ தௌசண்ட் ஃபோர் ஹன்ட்ரட் ஃபீட்' என்று ஆயிரத்தையும் நூற்றையும் அலகையும் சேர்த்துச் சொல்லவேண்டியதன் தேவையை எடுத்துக்காட்ட எங்கும் இதையே சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் என் கண்ணில் முதலில் படுவது தலைமை விமானியின் பதில். அவர் எதையும் மறைக்கவில்லை. தாம் எந்த உயரத்துக்கு இறங்கப் போகிறார் என்பதைத் தெளிவாக, எல்லாரும் கேட்கும் அலைவரிசையில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். விபத்தைத் தவிர்ப்பதற்கான வாய்ப்பு அந்த இரண்டு மூன்று விநாடிகளில் முழுமையாக இருந்தது. கட்டுப்பாட்டாளரின் மௌனம் அதற்கு ஒப்புதலாகிவிட்டது. 2,400 என்று தாம் சொன்னதை அறிந்த ஒருவரின் காதுக்கு, அதன் கடைசி மூன்று இலக்கங்கள் திரும்பி வந்தால் முழுவதும் வந்ததாகவே தோன்றும். மனிதக் காது எதிர்பார்த்ததைக் கேட்டுவிடும் இயல்புடையது.

நான் கட்டுப்பாட்டாளராகப் பணியாற்றிய காலத்தில், விமானத்துக்குரிய காகிதப் பட்டியில் உயரத்தை எழுதியதும் பேனாவை எடுக்காமல் முதல் இலக்கத்தின்மேல் வைத்திருப்பேன். விமானி திருப்பிச் சொல்லச் சொல்லப் பேனா முனை இலக்கம் இலக்கமாக நகரும். கடைசி இலக்கமும் பொருந்திய பின்னரே பட்டியில் குறியிடுவேன். அலைவரிசையில் நான்கைந்து விமானங்கள் பேசக் காத்திருக்கும் நேரத்தில் கை தானாகவே குறியிட முந்தும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் அந்த வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

ரீட்பேக் பிடிக்க முடியாத தவறும் ஒன்று உண்டு. உயரமானி உண்மையில் காற்றின் அமுக்கத்தை அளக்கும் கருவி. அந்த இடத்தின் அமுக்க அளவைச் சொல்லி அதில் வைத்தால்தான் அது உயரத்தைச் சரியாகக் காட்டும். அமுக்கத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று பிழைத்தால் உயரத்தில் ஏறக்குறைய 28 அடி பிழைக்கும். 2022 மே 23ஆம் திகதி, பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தை நெருங்கிய ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு, அமுக்க அளவை 1001 என்று சொல்லவேண்டிய இடத்தில் கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகள் 1011 என்று பிழையின்றித் திருப்பிச் சொன்னார்கள். கருவி காட்டியதைவிட விமானம் சுமார் 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் முன்னால் அது தரையிலிருந்து 6 அடி உயரம் வரை தாழ்ந்தது. மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் விமானிகள் மேலெழுந்து சுற்றிவர முடிவெடுத்தார்கள். எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். இதில் என்னை உலுக்கிய செய்தி வேறு. அதே நேரத்தில் அதே கட்டுப்பாட்டாளருக்கு வேறொரு விமானம் 1001 என்னும் சரியான அளவைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. தாம் சொன்னதும் காதுக்கு வந்ததும் வேறு வேறு என்பதை அவர் அப்போதும் உணரவில்லை. ஆகவே திருப்பிச் சொல்லும் குரலைக் கேட்பது விமானியைச் சோதிப்பதற்கு மட்டுமன்று. கட்டுப்பாட்டாளர் தம் வாயிலிருந்து வந்ததை இரண்டாம் முறை கேட்டுத் தம்மையே சோதிப்பதற்கும் அதுதான் வழி.

இலக்கம் இருபுறமும் பொருந்தினாலும் போதாது என்பதற்கு நம் நாட்டு மலையே சாட்சி. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, பெரும்பாலும் ஹஜ் யாத்திரிகர்களோடு சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்த மார்ட்டின்ஏர் டீசி-8 விமானம் 2,000 அடி வரை இறங்க அனுமதி பெற்றது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள். நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னி மலைத்தொடரில் அது மோதி 191 பேர் இறந்தனர். உயரத்தைப் பற்றிய பேச்சில் அங்கே குழப்பமில்லை; அந்த உயரத்துக்கு இறங்கக்கூடிய இடத்தில் விமானம் இருக்கவில்லை.

இனி அந்தப் பயிற்றுநரைப் பற்றி. பயிற்சியை நிறுத்தியதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சிறிய விமானத்தில் படிந்த பழக்கம் பெரிய விமானத்துக்கும் கூடவே போகும். ஆனால் மற்ற மாணவர்களின் முன்னிலையில் கண்டித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை அவமானப்பட்ட மாணவர் அடுத்த முறை இலக்கம் தெளிவாகக் கேளாதபோது, மீண்டும் கேட்கக் கூச்சப்பட்டு, கேட்டதுபோலத் தோன்றியதைத் திருப்பிச் சொல்லிவிடுவார். அது 'ரோஜர்' என்பதைவிட ஆபத்தான பதில். ஏனெனில் அது ரீட்பேக்கைப் போலவே ஒலிக்கும்.

ஆகவே மகளிடம் இரண்டு சொல்லுங்கள். உயரத்தை அலகோடும் தன் விமானத்தின் அழைப்புப் பெயரோடும் முழுமையாகத் திருப்பிச் சொல்லட்டும். பாதி கேட்டிருந்தால் மீதியை ஊகித்து நிரப்பாமல் 'சே அகெய்ன்', அதாவது மீண்டும் சொல்லுங்கள், என்று கேட்கட்டும். இரண்டாம் முறையும் விளங்காவிட்டால் மூன்றாம் முறையும் கேட்கட்டும். அலைவரிசை எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்வது கட்டுப்பாட்டாளரின் வேலை. மகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது என் வீட்டுக்கும் அழைத்து வாருங்கள்; இறங்கும் அறிவுறுத்தல்களை நான் கட்டுப்பாட்டாளராக இருந்து சொல்கிறேன், அவர் திருப்பிச் சொல்லிப் பழகலாம்.