எத்தியோப்பியா இத்தாலியை வென்ற அட்வா போரில் இத்தாலியத் தளபதி பரத்தியேரியா, பால்திசேராவா? எத்தியோப்பிய நூல் ஒன்று போரை 1888 என்கிறது, இத்தாலியத் தளபதிகள் பட்டியலில் 1888-க்கு நேரே பால்திசேரா இருக்கிறார், பரத்தியேரி போருக்கு முன்பே நீக்கப்பட்டார் என்றும் படித்தேன் என்று கேட்டிருந்தீர்கள்.

பரத்தியேரிதான். 1896 மார்ச் 1 அன்று படை நடத்தியவர் அவர். பால்திசேராவை ரோம் அரசு பிப்ரவரியிலேயே அவருக்குப் பதிலாக நியமித்துவிட்டது. ஆனால் பால்திசேரா மசாவாவில் (எரித்திரியாவின் செங்கடல் துறைமுகம்) இறங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. "போருக்கு முன்பே நீக்கப்பட்டார்" என்று நீங்கள் படித்தது இதிலிருந்து வந்திருக்கும். நியமன உத்தரவு வேறு, பொறுப்பேற்றது வேறு.

உங்கள் குழப்பத்தின் வேர் "1888" என்று நினைக்கிறேன். எத்தியோப்பிய நூல் அட்வாவுக்குத் தரும் 1888 அவர்கள் நாட்காட்டிப்படியான ஆண்டு (யெகாதித் மாதம் 23). இத்தாலியப் பட்டியலில் உள்ள 1888 நம் ஆண்டு. அப்போது மசாவாவில் தளபதியாக இருந்தவரும் இதே பால்திசேராதான்! 1889-இல் எரித்திரியாவின் அஸ்மாரா நகரைப் பிடித்தவர். இரண்டு முறை வந்த ஆள் என்பதால் நிறையப் பேர் இங்கே வழுக்குகிறார்கள்.

சரிபார்க்க:

1. எத்தியோப்பிய ஆண்டோடு 8 கூட்டுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 7 மட்டும்.

2. அட்வாவுக்கு முன் 1895 டிசம்பர் 7-இல் நடந்த அம்பா அலாகி சண்டையை வைத்துப் பாருங்கள். 7 கழித்து 1888 வந்தால் கணக்கு சரி.

3. இத்தாலியப் படைப்பிரிவுத் தளபதிகள் அல்பெர்த்தோனே, அரிமோந்தி, தபோர்மிதா, எல்லேனா என்றிருந்தால் அது அட்வாதான்.

ஒன்றில் மட்டும் கவனம். பரத்தியேரி "தண்டிக்கப்பட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். 1896 ஜூனில் அஸ்மாரா இராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தப் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பிலேயே குறிப்பிட்டும் வைத்தது. விடுதலைதான், ஆனால் அதோடு அவர் இராணுவ வாழ்க்கை முடிந்தது.