120 × 45 பிக்சலில் உங்கள் புதிர் விளையாட்டு: அட்டைப்படம் பற்றிய கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு இணையக் கடை பற்றியவை. கடையில் தெரியும் அட்டைப்படத்தை அங்கே ‘கேப்சூல்’ என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

பெரிய திரையில் எங்கள் அட்டைப்படம் அருமையாக இருக்கிறது. ஸ்டீமின் தேடல் பட்டியலில் பார்த்தால் அழுக்குப் படிந்த மாதிரி தெரிகிறது. என்ன செய்யலாம்?

பெரிய படத்தை வரைந்து முடித்துவிட்டுச் சுருக்கியிருப்பீர்கள். சின்னதில் இருந்து தொடங்க வேண்டும். சிறிய கேப்சூலை 462 × 174 அளவில் ஏற்றுகிறோம். ஸ்டீம் அதை 184 × 69, 120 × 45 என்று தானே சுருக்கிப் பட்டியல்களில் காட்டுகிறது. 462-லிருந்து 120-க்கு வரும்போது எல்லாமே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிடும். எழுத்தின் கோடு கடைசியில் 2 பிக்சலாவது நிற்க வேண்டுமென்றால், ஏற்றும் படத்தில் அது 8 பிக்சல் தடிமன் இருக்க வேண்டும். மெல்லிய கையெழுத்து பாணி லோகோக்கள் காணாமல் போவது இந்தக் கணக்கில்தான்.

முதலில் 120 × 45 அளவில் ஒரு வெற்றுப் படம் திறந்து, கருப்பு, வெள்ளை, ஒரு சாம்பல் மட்டும் வைத்துப் பெயரையும் ஒரே ஓர் உருவத்தையும் போட்டுப் பாருங்கள். அது வாசிக்கக் கிடைத்த பிறகு நிறத்துக்குப் போங்கள். சிறிய கேப்சூலில் பெயர் கிட்டத்தட்ட முழு இடத்தையும் பிடிக்கலாம். பின்னணிக் காட்சியை அதில் திணிக்காதீர்கள். வாசல் பெயர்ப்பலகையில் யாரும் குடும்பப் புகைப்படம் மாட்டுவதில்லை.

இன்னொன்று: ஸ்டீமின் பக்கப் பின்னணி கருநீலம். இரவுக் காட்சி, இருண்ட ஓரங்கள் கொண்ட படம் அதோடு கரைந்துவிடும். உண்மையான தேடல் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் படத்தை ஒட்டி, பத்துப் படங்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

எங்களுடையது சொக்கோபான் வகை, பெட்டி தள்ளும் விளையாட்டு. கதாநாயகன் என்று யாரும் இல்லை. அட்டையில் எதைப் போடுவது? கட்டங்களையே போட்டால் போதுமா?

புதிர் விளையாட்டுகளின் தலைவலியே இதுதான். சண்டை விளையாட்டுக்கு வாளோடு ஒருவனை நிறுத்தினால் வகை புரிந்துவிடும். புதிரில் சுவாரசியம் ஆட்டக்காரரின் தலைக்குள் நடக்கிறது. அதைப் படம் பிடிக்க முடியாது. அதனால் பலரும் மூன்று வழிகளில் ஒன்றில் போய் விழுகிறார்கள்: விளையாட்டில் இல்லாத ஓர் அழகான நிலக்காட்சி, மேலிருந்து பார்த்த முழுக் கட்டம், அல்லது பொதுவான ஜிக்சா துண்டும் மின்விளக்கும். நிலக்காட்சியைப் பார்த்தவர் சாகச விளையாட்டு என்று நினைத்து வந்து, கட்டத்தைக் கண்டதும் திரும்பிவிடுவார். முழுக் கட்டம் சுருங்கினால் துணி நெசவு போல இருக்கும். ஜிக்சா துண்டு நூறு விளையாட்டுகளுக்குப் பொதுவானது.

உங்கள் விளையாட்டின் ஒரே வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். தள்ளுவதா, மடிப்பதா, சுழற்றுவதா, இணைப்பதா? அந்த வினை பாதியில் இருக்கும் நொடியை வரையுங்கள். பெட்டி தள்ளுவதென்றால் மூன்று கட்டங்கள் போதும்: ஒரு பெட்டி, அது போக வேண்டிய குழி, இரண்டுக்கும் நடுவே உங்கள் விளையாட்டுக்கு மட்டுமே உரிய அந்த விதி. பெட்டி பனியில் வழுக்கும் என்றால் வழுக்கிய தடம் தெரியட்டும். நிழல்தான் தள்ளும் என்றால் நிழலைப் பெட்டியைவிடப் பெரிதாக்குங்கள். மேலிருந்து நேராகப் பார்க்கும் கோணத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் காட்டினால் பொருள்களுக்குக் கனம் வரும், நிழல் விழும், சின்ன அளவிலும் உருவம் பிரியும்.

பெட்டிக்குக் கண் வரைந்தால் போதும், அதுவே கதாபாத்திரம் என்று சிலர் சொல்வார்கள். விளையாட்டுக்குள்ளும் அந்தக் கண் இருந்தால் செய்யுங்கள். அட்டைக்கு மட்டும் ஒட்டிய கண் ஏமாற்று.

வரைந்தபின் ஒரு சோதனை. உங்கள் விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேரிடம் படத்தை மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, “இதில் என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரே படத்தை வெட்டி எல்லா அளவுக்கும் பயன்படுத்தலாமா?

முடியாது. தலைப்புக் கேப்சூல் 920 × 430, பிரதானக் கேப்சூல் 1232 × 706, செங்குத்துக் கேப்சூல் 748 × 896, வாங்கிய விளையாட்டுகளின் பட்டியலான நூலகத்தில் தெரியும் நூலகக் கேப்சூல் 600 × 900. முதல் இரண்டும் படுத்த வடிவம், மற்ற இரண்டும் நின்ற வடிவம். ஒன்றை வெட்டி மற்றது செய்தால் பெயர் நசுங்கும் அல்லது உருவத்தின் தலை போகும். படுத்ததற்கு ஒன்று, நின்றதற்கு ஒன்று என இரண்டு அமைப்புகளை ஆரம்பத்திலேயே திட்டமிடுங்கள். நூலகத்தின் பெரிய பின்னணிப் படம் 3840 × 1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது. பெயர் தனி லோகோவாக, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக மேலே உட்காரும்.

மேல் இடது மூலையில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். விருப்பப்பட்டியலில் உள்ளது, நூலகத்தில் உள்ளது என்று சொல்லும் பட்டை அங்கேதான் வந்து ஒட்டும்.

விருது வாங்கியிருக்கிறோம். அதை அட்டையில் போடலாமா? “50% தள்ளுபடி” என்று?

இரண்டும் கூடாது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் விதி இது: கேப்சூலில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைப்பெயர் ஆகியவை மட்டுமே. விமர்சன மதிப்பெண், விருது, தள்ளுபடி, வேறு விளையாட்டுக்கான விளம்பரம் எதுவும் வரக் கூடாது. பெரிய புதுப்பிப்பு வந்தால் அதை அறிவிக்கும் எழுத்தோடு தற்காலிகப் படம் போடலாம். அதிகபட்சம் ஒரு மாதம். அந்த எழுத்தை விளையாட்டு ஆதரிக்கும் மொழிகளிலும் தர வேண்டும். விருதைப் பக்கத்தின் விவரப் பகுதியில் சொல்லிக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் தமிழில். லோகோவைத் தமிழ் எழுத்தில் செய்தால் சின்ன அளவில் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஆங்கில லோகோவுக்கான கணக்கு இங்கே செல்லாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘ழு’, ‘கூ’ கீழே இறங்கும், புள்ளி உச்சியில் நிற்கும். 45 பிக்சல் உயரத்தில் ஓரம் விட்டு 36 பிக்சல் எழுத்துக்குக் கொடுத்தாலும், எழுத்தின் நடு உடலுக்குச் சுமார் பாதிதான் கிடைக்கும். இரண்டு வரியாக்கினால் அதிலும் பாதி; புள்ளி ஒரு பிக்சலாகிக் கரைந்து, ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

ஆகவே பெயர் ஒரே வரியில் அடங்க வேண்டும். ஐந்தாறு எழுத்துக்குள் இருந்தால் நல்லது. புள்ளியை எழுத்துருவில் வந்தபடி விடாமல், கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாகக் கையால் வரையுங்கள். ‘ணை’, ‘ழ’, ‘இ’ போன்றவற்றின் உள்வளையங்களைத் திறந்து விடுங்கள். தடித்த எழுத்துருவில் அவை முதலில் அடைபடும். வடிவமைப்பு மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பழைய மென்பொருள்களில் இது இன்னும் நடக்கிறது.

ஓவியரிடம் கொடுத்துச் செய்யலாம் என்றிருக்கிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் மூன்று சிறு முன்வரைவுகள், சாம்பல் நிறத்தில். நிறம் பூசிய பிறகு அமைப்பை மாற்றச் சொன்னால் இருவருக்கும் மனக்கசப்பு. எத்தனை முறை திருத்தம் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். முடிந்த படத்தை பின்னணி, நடு, முன் உருவம், லோகோ எனத் தனித்தனி லேயராக (அடுக்காக), ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில் வாங்குங்கள். தட்டையான ஒரே படமாக வாங்கினால் அடுத்த அளவுக்கு மறுபடியும் அவரிடமே போக வேண்டும். ஓரங்களில் கூடுதலாக வரைந்து தரச் சொல்லுங்கள். வணிகப் பயன்பாட்டு உரிமை, சுவரொட்டி, சட்டை அச்சிடும் உரிமை இரண்டும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தைக் கடைப் பக்கத்தில் பயன்படுத்தினால், அதை ஸ்டீமின் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஓவியரிடமும் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இட்ச் (itch.io) என்ற விளையாட்டுத் தளத்துக்கும் அதே படம் போதுமா?

அங்கே 630 × 500 பரிந்துரை; குறைந்தது 315 × 250. பெயர் படத்துக்குக் கீழே தனியாக எழுத்தில் வந்துவிடுவதால் லோகோவைச் சிறிதாக்கி, வினைக்கு இடம் கொடுக்கலாம். அசையும் ஜிஃப் போடலாம் என்பது புதிர் விளையாட்டுக்கு வரப்பிரசாதம்: ஒரு நகர்வு, அதன் விளைவு, மறுபடி தொடக்கம், அவ்வளவுதான். பட்டியலில் மவுஸைக் கொண்டுபோனால்தான் அசையும் என்பதால் ஜிஃபின் முதல் படச்சட்டமே முழுப் படமாக நிற்க வேண்டும்.

அட்டையை மாற்றினோம். நல்லதாயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டீமில் விளையாட்டு வெளியிடுவோருக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில், வருகைக் கணக்கைக் காட்டும் பக்கத்தில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற இரண்டும் இருக்கும். மாற்றத்துக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம் எடுத்து, தேடல் பட்டியல் போன்ற ஒரே மூலத்தின் விகிதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால், இடையில் வந்த தள்ளுபடியோ ஸ்டீம் நடத்தும் விளையாட்டுத் திருவிழாவோ கணக்கைக் குழப்பிவிடும். அந்த நாட்களில் ட்ரெய்லரையும் விலையையும் தொடாதீர்கள்.